கட்டடத்தின் நடுவே தெரிந்த மொட்டை மாடி

எனக்குக் கட்டடங்கள்மேல் கோபம் எதுவும் இல்லை என்று பலரிடம் சொல்லியிருக்கிறேன். அது பொய். ஒரே ஒரு கட்டடத்தின்மேல் எனக்குத் தீராத கோபம் இருந்தது. அதே கட்டடத்தில் உட்கார்ந்து டைப் அடித்துத்தான் வீட்டுக்குச் சோறும் போட்டேன். ஆகவே இதை எழுதும்போது நான் ரொம்ப நியாயமாக நடந்துகொள்வேன் என்று யாரும் எதிர்பார்க்க வேண்டாம்.

ராயபுரத்தில், மாதா கோவிலுக்குப் பின்னால் ஒரு சந்தில் எங்கள் வீடு. கீழே வீட்டுக்காரர், மாடியில் நாங்கள், அதற்கு மேலே மொட்டை மாடி. அங்கே ஏறி நின்றால் தண்டவாளங்களையும் கிடங்குகளின் தகரக் கூரைகளையும் தாண்டித் துறைமுகம் முழுக்கத் தெரியும். கிரேன்கள், கொடிக் கம்பம், கப்பல்களின் புகைபோக்கிகள், கடைசியில் கருங்கல் சுவர் இரண்டு பக்கமும் வந்து நிற்க, நடுவே துறைமுகத்தின் வாய். வெளிநாட்டுக் கப்பல்கள் அந்த வாய் வரைக்கும்தான் தங்கள் திமிரில் வரும். அதற்குமேல் ஒரு சின்ன நீராவிப் படகு போய்க் கயிறு மாட்டி இழுத்து வரவேண்டும். அதை டக்கு என்போம். என் அப்பாவுக்கு அந்த டக்கில் கயிறு வீசுகிற வேலை. எங்கள் பக்கத்தில் அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவது. நானும் அப்படித்தான் கூப்பிட்டேன்.

துறைமுகத்தில் எல்லாச் சேதியும் கொடியில் போகும். கப்பல் வருகிறதா, நிற்கிறதா, புயல் உண்டா, எல்லாம் கம்பத்தில் ஏறும் துணியைப் பார்த்துத் தெரிந்துகொள்வார்கள். அந்தப் பழக்கம் எங்கள் தெருவுக்கும் தொற்றிக்கொண்டது. தண்ணீர்மேல் வேலை செய்கிற ஆம்பிளைக்கு வீட்டிலிருந்து சேதி சொல்ல வேறு வழியும் இல்லை. டெலிபோனைக் கண்ணால் பார்த்தவர்களே எங்கள் தெருவில் குறைவு. துறைமுக வாசலில் போய்ச் சொன்னால், அந்தச் சேதி கை மாறிக் கை மாறி படகுகள் வந்து கட்டுகிற ஜெட்டிக்குப் போய்ச் சேர்வதற்குள் ஷிப்டு முடிந்து ஆளே வீட்டுக்கு வந்துவிடுவார். அதனால் வீட்டுக்கு வீடு ஒரு துணி வைத்திருந்தார்கள். எதிர் வீட்டு அக்காவின் புருஷன் சரக்குப் படகில் இருந்தார். அவர்கள் வீட்டில் ஒரு மஞ்சள் படுதா. தெருக்கோடி வீட்டில் பச்சைப் பாய். எங்கள் வீட்டில் சிவப்புக் கம்பளி. ஏதோ ஒரு கப்பலில் கழித்துப் போட்டதை நைனா தோளில் போட்டுக்கொண்டு வந்திருந்தார். அதை மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவரில் தொங்கவிட்டால் உடனே புறப்பட்டு வா என்று அர்த்தம்.

அந்தக் கம்பளி சும்மா வெளியே வராது. என் தம்பி கோவில் மதிலிலிருந்து விழுந்து கையை முறித்துக்கொண்டபோது வந்தது. காலடிப்பேட்டையில் பெரியம்மா இறந்துபோனார் என்று ஆள் வந்தபோது வந்தது. இரண்டு தடவையும் நாங்கள் மொட்டை மாடியிலிருந்து இறங்கி ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு நிமிர்வதற்குள் நைனாவின் சைக்கிள் மணி சந்தில் கேட்டது. அப்போது டக்கை ஓட்டிய சாரங்கு நல்ல மனுஷர். தூரத்தில் சிவப்பைப் பார்த்தவுடன், நைனா கேட்பதற்கு முன்பே படகை ஜெட்டிப் பக்கம் திருப்பிவிடுவாராம்.

ஒரு தடவை மழைக்குப் பிறகு கம்பளியில் பூஞ்சை நாற்றம் அடிக்கிறதே என்று அம்மா அதை மறதியாக வெயிலில் போட்டுவிட்டாள். நைனா அலறி அடித்துக்கொண்டு வந்து நின்றார். அம்மா அரிவாள்மனையில் வவ்வால் மீன் அறுத்துக்கொண்டிருந்தாள். ஆள் அப்படியே சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, "இன்னாமே, உயிரே பூட்ச்சி," என்றார். அதை வைத்து எங்கள் வீட்டில் எத்தனையோ நாள் சிரித்தோம். அதற்குப் பிறகு அம்மா கம்பளியைச் சமையலறைக்குள்தான் காயப்போடுவாள். சோற்றிலெல்லாம் கம்பளி வாசனை.

அம்மாவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். எனக்கும் என் தம்பிக்கும் நடுவில் அவளுக்கு இரண்டு பிள்ளைகள் தங்கவில்லை. அவற்றில் இரண்டாவது பிள்ளை பிறந்தபோது நைனா கடலில் இருந்தார். வலி திடீரென்று வந்ததால் கம்பளி போட ஆளில்லை. அவர் ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்வதற்குள் குழந்தையைப் பெட்டியில் வைத்து மூடிவிட்டார்கள். அது ஆணா பெண்ணா, யார் சாடை என்று அவருக்கு அம்மா வாயால் சொல்லித்தான் தெரியும். அன்று அம்மா ஒரு முடிவு எடுத்தாள். இனிமேல் அந்த ஆஸ்பத்திரி வாசலை இவர் கையைப் பிடிக்காமல் மிதிப்பதில்லை. நைனாவும் மாதா முன்னால் சத்தியம் செய்து கொடுத்தார். என் தம்பி பிறந்தபோது வலி எடுத்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை, நைனா வீட்டில் இருந்தார், கையைப் பிடித்துக் கூட்டிப்போனார், தம்பி பிழைத்தான். அதிலிருந்து அம்மாவின் நம்பிக்கை கல்லில் எழுதினதுபோல் ஆகிவிட்டது.

இனிக் கட்டடத்துக்கு வருகிறேன். நான் எஸ்.எஸ்.எல்.சி. முடித்துவிட்டு டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டுக்குப் போய்க்கொண்டிருந்த வருஷம் அது. கடற்கரைச் சாலையின் வடகோடியில், எங்களுக்கும் துறைமுகத்துக்கும் நடுவே இருந்த ஒரு பழைய கிடங்கை இடித்தார்கள். பெரிய ஆபீசு வருகிறது, ஏகப்பட்ட மாடி என்று பேச்சு. மவுண்ட் ரோட்டில் ஒரு உயரமான கட்டடம் வந்து ஊரே கழுத்து வலிக்கப் பார்த்துவிட்டுப் போனது எங்களுக்குத் தெரியும். நமக்கும் ஒன்று வருகிறது என்று பெருமையாகவே இருந்தது. எனக்கு மற்றவர்களைவிட ஒரு படி அதிகம். டைப் கற்றுக்கொள்கிற பெண் புது ஆபீசைப் பார்த்து வேறு என்ன நினைப்பாள்? இன்ஸ்டிட்யூட்டில் எங்கள் வரிசைப் பெண்கள் எல்லோரும் மனசுக்குள் ஆளுக்கொரு மாடியைப் பிடித்து வைத்திருந்தோம்.

அஸ்திவாரத்துக்கு இரும்பு அடித்தபோது வீட்டுக்காரர் அலமாரியில் பீங்கான் கோப்பைகள் கிடுகிடுவென்று ஆடின. மணல் லாரிகள் போய்ப் போய் எங்கள் தெருமுனை குழிவிழுந்தது. முதல் மழைக்கே அங்கே குளம் கட்டியது. ரிக்‌ஷாக்கள் நிற்கிற இடத்தைச் செங்கல் பிடித்துக்கொண்டதால் ரிக்‌ஷாக்காரர்கள் கோவில் வாசலுக்கு வந்தார்கள். கோவில் வாசலில் பூ விற்றவர்கள் மீன் மார்க்கெட் பக்கம் போனார்கள். ஒன்றைப் பிடித்துத் தள்ள எல்லாம் தள்ளிப்போயின. காசிமேட்டிலிருந்து கூடை தூக்கி வருகிற பெண்கள் காலங்காலமாக நடந்த ஓரத்தில் இப்போது ஒரு காவல்காரர் நின்றுகொண்டு, தண்ணீர் சொட்டுகிறது, அந்தப் பக்கம் போங்கள் என்றார். அவர்கள் அவருக்குக் கொடுத்த பதிலை நான் இங்கே எழுத முடியாது.

மாடிமேல் மாடியாக அது ஏறிக்கொண்டே போனது. முன்பெல்லாம் எந்தச் சந்திலிருந்து வெளியே வந்தாலும் முதலில் கண்ணில் படுவது கோவில் கோபுரங்கள்தான். இப்போது கம்பியும் கான்கிரீட்டுமாக இதுதான் முன்னால் வந்து நின்றது. மத்தியானத்தில் எங்கள் தெருவுக்கு வருகிற கடல்காற்று குறைந்தது. மொட்டை மாடியில் போட்ட கருவாடு காய ஒரு நாள் கூடுதலாகப் பிடித்தது. ஆனாலும் வழி சொல்கிறவர்கள் எல்லோரும், கட்டடம் தெரிகிறது பார், அதற்கு நேராகப் போ என்று சொல்லப் பழகிவிட்டார்கள். நைனா கடலிலிருந்து பார்த்துவிட்டு வந்து சொல்வார்: "அங்கேந்து பார்த்தா ஊரே பொக்கை வாயி. ஒத்தப் பல்லு மட்டும் மொளச்சிக் கீது." தம்பி அதைக் கேட்டு உருண்டு உருண்டு சிரித்தான்.

சிரிப்பதற்கு அப்போது காரணம் இருந்தது. ஏனென்றால் கட்டடம் எங்கள் மொட்டை மாடியை முழுதாக மறைக்கவில்லை. சுவர் எழுப்புகிற வரைக்கும் அது வெறும் தூண்களும் தளங்களும்தானே. டக்கு துறைமுகத்தின் வாய்ப் பக்கம் போய் நிற்கும்போது, அந்தக் கட்டடத்தின் மூன்றாவது மாடியின் ஊடே, இரண்டு தூண்களுக்கு நடுவில் எங்கள் மொட்டை மாடிச் சுவர் தெரிகிறது என்று நைனா கண்டுபிடித்துச் சொன்னார். இங்கிருந்து நாங்களும் பார்த்தோம். அதே தூண்களுக்கு நடுவில், கையளவு கடலும், அதில் டக்கின் கறுப்புப் புகைபோக்கி குறுக்கே போவதும் தெரிந்தது. சினிமாக் கொட்டகைத் திரையில் பார்ப்பதுபோல் இருக்கிறது என்று நானும் தம்பியும் மாறி மாறிப் பார்த்தோம். சுவர் எழுப்பிய பிறகு என்ன செய்வது என்று அம்மா கேட்டாள். அது வரும்போது பார்த்துக்கொள்ளலாம் என்றார் நைனா.

அந்தச் சமயத்தில்தான் அம்மா மறுபடியும் உண்டாகியிருந்தாள். எனக்குக் கல்யாணம் பேசுகிற வயசு. அம்மாவுக்கோ வெட்கம் தாங்கவில்லை. பூசைக்குப் போனால்கூட முந்தானையை இழுத்து மூடிக்கொண்டு கடைசி பெஞ்சில் உட்காருவாள். நானும் முதலில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டேன். பிறகு அவள் பயத்தைப் பார்த்து விட்டுவிட்டேன். தங்காத இரண்டு பிள்ளைகளும் அவள் கனவில் வந்துகொண்டிருந்தன. இதையாவது உயிரோடு கையில் வாங்க வேண்டும், வாங்கும்போது இவர் பக்கத்தில் இருக்க வேண்டும். அவள் கேட்டது அவ்வளவுதான்.

கட்டட வேலைக்குத் தெலுங்கு நாட்டிலிருந்து வந்த குடும்பங்கள் முடியாத மாடிகளிலேயே தங்கியிருந்தன. பெண்கள் அங்கேயே சமைத்தார்கள், பிள்ளைகளை ஏணையில் போட்டார்கள், துவைத்த சேலைகளைத் தூணுக்குத் தூண் கயிறு கட்டிக் காயப்போட்டார்கள். மூன்றாவது மாடியில் ஒருநாள் ஒரு சிவப்புச் சேலை தொங்கியது. நைனா போட்டது போட்டபடி ஓடி வந்தார். அம்மா திகைத்துப்போய், கம்பளி பெட்டிக்குள் இருக்கிறதே என்று எடுத்துக் காட்டினாள். மொட்டை மாடியில் ஏறிப் பார்த்த பிறகுதான் விஷயம் புரிந்தது. ஓடுகிற படகிலிருந்து பார்க்கிறவருக்கு, சிவப்பு எதுவோ அந்த இடைவெளியில் இருக்கிறது என்று தெரியுமே தவிர, அது கட்டடத்துக்குள் தொங்குகிறதா, அதற்கும் பின்னால் எங்கள் சுவரில் தொங்குகிறதா என்று பிரித்துச் சொல்ல முடியாது. நைனா காப்பி குடித்துவிட்டுச் சிரித்துக்கொண்டே திரும்பிப் போனார்.

இரண்டாவது தடவை சிரிக்கவில்லை. கோதுமைக் கப்பல் ஒன்றுக்குக் கயிறு பாதி மாட்டியிருந்த நேரத்தில் சிவப்பைப் பார்த்து, பக்கத்தில் வந்த படகில் தாவி ஏறி வந்துவிட்டார். அன்றும் சேலைதான். பழைய சாரங்கு ஓய்வு பெற்றுப் போய் வேறு ஒருவர் வந்திருந்தார். எல்லோர் முன்னாலும் வைத்துத் திட்டினாராம். இன்னொரு தடவை இப்படி வேலையைப் பாதியில் விட்டு ஓடினால் அப்படியே வீட்டிலேயே இருந்துகொள் என்றாராம். நைனா சாப்பிடும்போது இதைத் தமாஷ் மாதிரிதான் சொன்னார். சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார், வாய்க்குப் போகவில்லை.

அம்மாதான் ஒரு யோசனை சொன்னாள். கம்பளியின் நடுவில் வெள்ளைத் துணியால் பெரிய சிலுவை தைத்துவிடலாம், அப்போது எந்தச் சேலையோடும் குழம்பாது. நைனாவுக்கு ரொம்பப் பிடித்துப்போயிற்று. மாவுப் பையைப் பிரித்துத் துவைத்து, பட்டை பட்டையாக வெட்டியும் வைத்தாள். கிறிஸ்துமஸ் துணி தைக்கும்போது இதையும் சேர்த்துத் தைத்துவிடலாம், பிரசவத்துக்குத்தான் இன்னும் நாள் கிடக்கிறதே என்று இருந்தோம். அந்த வெள்ளைப் பட்டைகள் தையல் கூடையிலேயே கிடந்தன.

மழைக்கால முடிவு. அன்று காலையில் தூறல் விட்டு விட்டு விழுந்தது. நைனா சாப்பாட்டுத் தூக்கை எடுத்துக்கொண்டு போய்விட்டார். நான் இன்ஸ்டிட்யூட்டுக்குக் கிளம்பத் தலை வாரிக்கொண்டிருந்தபோது சமையலறையில் சொம்பு விழுந்த சத்தம் கேட்டது. அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். காலடியில் ரத்தம். அவள் கத்தவில்லை. "பாப்பா, கம்பளி எடுத்துப் போடு," என்றாள். நான் ஓடிப்போய்ப் போட்டேன். காற்றில் பறக்காமல் இருக்க நான்கு செங்கல் எடுத்து மேலே வைத்தேன். தம்பியைத் துறைமுக வாசலுக்கு அனுப்பினேன். அவன் சொன்ன சேதி வழக்கம்போல மெதுவாக நடந்து போய்க்கொண்டிருந்தது.

எதிர் வீட்டு அக்கா வந்து பார்த்தவுடனே வெளியே ஓடினாள். கோவில் வாசலிலிருந்து ரிக்‌ஷா கொண்டுவந்து வாசலில் நிறுத்தினாள். ஆஸ்பத்திரி ஒன்றும் காத தூரத்தில் இல்லை. அம்மா எழுந்திருக்க மாட்டேன் என்றாள். அக்கா கெஞ்சினாள், அதட்டினாள், செத்துத் தொலையப் போகிறாய் என்று திட்டினாள். அம்மா தலையணையில் சாய்ந்துகொண்டு பொறுமையாகப் பதில் சொன்னாள். "சொம்மாவுக்கே ரெண்டு தபா ஓடியாந்த மனுசன் அவரு. நெசத்துக்கு வராமப் பூடுவாரா?"

நான் மறுபடியும் மேலே ஓடினேன். தூண்களுக்கு நடுவில் இடைவெளி அப்படியே இருந்தது. அன்றைக்கு அங்கே ஒரு துணியும் இல்லை. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே டக்கின் புகைபோக்கி அந்தக் கையளவு கடலில் மெதுவாக வந்து நின்றது. எனக்கு உயிர் வந்தது. கீழே ஓடிப்போய், டக்கு தெரிகிறதம்மா, நைனா பார்த்திருப்பார், இதோ வந்துவிடுவார் என்றேன். அம்மா சிரித்தாள். தலை கலைந்து கிடக்கிறது, வாரிவிடு என்றாள். வாரிவிட்டேன். வேறு சேலை மாற்றிவிடச் சொன்னாள். மாற்றிவிட்டோம். சந்தில் ஒவ்வொரு சைக்கிள் மணிக்கும் அவள் கண் வாசலுக்குப் போய்த் திரும்பியது.

பொறுக்க முடியாமல் மூன்றாம் தடவை மேலே போனேன். டக்கு இன்னும் அங்கேயே இருந்தது. செங்கற்களைத் தள்ளிவிட்டுக் கம்பளியை எடுத்து இரண்டு கையாலும் முனைகளைப் பிடித்துக்கொண்டு மேலும் கீழும் வீசினேன். நனைந்த கம்பளி, கனமென்றால் அப்படிக் கனம். கை கடுக்கிறவரைக்கும் வீசினேன். நைனா, நைனா என்று கத்தினேனாம், பின்னால் வீட்டுக்காரர் சொன்னார். டக்கு திரும்பித் தூணுக்குப் பின்னால் போய் மறைந்தது. நான் கீழே வந்தபோது அம்மாவுக்கு நினைவு தப்பியிருந்தது. அதற்குப் பிறகு அவளை யாரும் சம்மதம் கேட்கவில்லை. பாயோடு தூக்கிக் கொண்டுபோனோம். குழந்தை வெளியே வரும்போதே மூச்சில்லை. அம்மா மத்தியானம் வரைக்கும் இருந்தாள். பெண் பிள்ளை. அம்மா சாடை.

அம்மாவை வீட்டுக்குக் கொண்டுவந்து கிடத்திய பிறகு, ஷிப்டு முடிந்து நைனா வழக்கமான நேரத்தில் சந்துக்குள் வந்தார். காலித் தூக்கு சைக்கிளில் ஆடிக்கொண்டு வந்தது. வாசலில் கூட்டத்தைப் பார்த்து இறங்கினார். அவர் முதலில் கேட்டது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. என்ன ஆயிற்று என்று கேட்கவில்லை. கம்பளி போட்டீர்களா என்று கேட்டார். நான் தலையை ஆட்டினேன். அவர் வாயைத் திறப்பதற்குள் அக்கா மார்பில் அடித்துக்கொண்டு அழுதாள். "அந்தப் பாழாப்போன கட்டடம் மறைச்சிடுச்சிப்பா. உங்கண்ணுல காட்டாம மறைச்சிடுச்சி." கூடியிருந்தவர்கள் எல்லோரும் அதையே சொன்னார்கள். நைனா அம்மா பக்கத்தில் போய் உட்கார்ந்து, அவள் கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டார்.

அதற்குப் பிறகு எங்கள் தெருவே அந்தக் கட்டடத்தைத் திட்டியது. எனக்கு மட்டும் ஒரு முள் இருந்தது. இடைவெளி மறையவில்லையே, நான் டக்கைப் பார்த்தேனே என்று. அந்த நேரத்தில் கயிற்றோடு குனிந்திருப்பார், திரும்பியே பார்த்திருக்க மாட்டார் என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். கொஞ்ச நாளில் சுவர் எழுப்பினார்கள், ஜன்னல்களில் கண்ணாடி வந்தது, தெலுங்குக் குடும்பங்கள் மூட்டை கட்டிக்கொண்டு வேறு கட்டடத்துக்குப் போயின. திறப்பு விழாவுக்காக எங்கள் தெருமுனைக் குழியை மூடித் தார் போட்டார்கள். பஸ் நிற்கிற இடத்துக்குக் கட்டடத்தின் பெயரே வந்துவிட்டது. இட்லிக் கடை, வெற்றிலை பாக்குக் கடை, இஸ்திரி வண்டி என்று அதன் காலடியில் ஒரு புதுத் தெரு முளைத்தது.

அங்கே டைப்பிஸ்ட் வேலைக்கு ஆள் எடுத்தபோது நான் எழுதிப் போட்டேன். வேலை கிடைத்தது. தாயைத் தின்ற கட்டடத்தில் போய் உட்காருகிறாளே என்று அக்கா என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டாள். தம்பியைப் படிக்க வைக்க வேண்டும், நைனா முன்போல இல்லை, நான் என்ன செய்வது? நைனா தடுப்பார் என்று நினைத்தேன். அவர் தடுக்கவில்லை. எந்த மாடி என்று மட்டும் கேட்டார். மூன்றாவது என்றேன். சரி என்று எழுந்து போய்விட்டார். பழைய கோப்புகள் அடுக்கியிருந்த அறையின் ஜன்னலிலிருந்து எங்கள் மொட்டை மாடி தெரியும். நான் அந்த அறைக்குப் போவதைத் தவிர்த்தேன்.

சில வருஷங்கள் கழித்து நைனாவுக்கு மூச்சுக் கோளாறு வந்து வேலையிலிருந்து நின்றுவிட்டார். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், பூசை முடிந்து வந்து நான் அவருக்குக் கஞ்சி ஆற்றிக்கொண்டிருந்தேன். தம்பி வெளியே போயிருந்தான். நைனா சுவரைப் பார்த்துக்கொண்டே பேச ஆரம்பித்தார்.

"மறைக்கல பாப்பா. நான் பார்த்தேன்," என்றார்.

எனக்கு முதலில் விளங்கவில்லை. அவரே சொல்லிக்கொண்டு போனார். அன்று காலையில் சிவப்பைப் பார்த்தாராம். கை கால் பதறியதாம். மூன்றாம் தடவை ஓடினால் வேலை போய்விடும், பிள்ளை பிறக்கிற சமயத்தில் வேலை போய்விடக் கூடாது, இதுவும் அந்தப் பெண்களின் சேலையாகத்தான் இருக்கும் என்று நின்றுவிட்டாராம். மனசு கேட்காமல் கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் திரும்பிப் பார்த்தாராம்.

"அப்போ ஒருத்தி நின்னு அத்த ஒதறிக்கினு இருந்தா. மேலயும் கீழயும். தொவச்ச சேலைய ஒதறிக் காயப்போட்றான்னு நெனச்சேன். அப்பால தான் நெஞ்சு அடங்கிச்சி. நிம்மதியா வேலைய பார்த்தேன்."

கஞ்சிக் கிண்ணம் என் கையில் இருந்தது. அதை அவர் முகத்தில் வீசலாம் என்று இருந்தது. மறைக்க மாட்டேன், அந்த நிமிஷம் அவரை வெறுத்தேன். அடுத்த நிமிஷம், கை கடுக்க நான் வீசிய வீச்சுதான் அவருக்கு நிம்மதி கொடுத்தது என்று உறைத்தது. நான் வீசாமல் இருந்திருந்தால் இன்னும் கொஞ்சம் பதறியிருப்பார். பதறியிருந்தால் வந்திருப்பார்.

அவர் என் பக்கம் திரும்பினார். கண்ணெல்லாம் சிவந்திருந்தது. "அது யாரு பாப்பா? நீயா?"

நான் கிண்ணத்தைக் கீழே வைத்தேன். நல்ல புடவை கட்டி, அந்தக் கட்டடத்தில் அதிகாரிகளுக்கு நடுவில் வேலை செய்கிறவள் பேசுகிற குரலில் சொன்னேன். நான் வீசவே இல்லை, கம்பளியைச் சுவரில் போட்டுவிட்டு அம்மா பக்கத்திலேயே இருந்தேன் என்றேன். ஆபீசில் கட்டட வேலையைப் பார்த்த பழைய ஆட்கள் இருக்கிறார்கள், கேட்டேன் என்றேன். அம்மா போவதற்கு முந்தின வாரமே மூன்றாவது மாடிக்கு நம் வீட்டுப் பக்கச் சுவரை எழுப்பிவிட்டார்கள், கடல் பக்கம் மட்டும்தான் திறந்து கிடந்தது, அந்தப் பெண்கள் அங்கேதான் துணி உதறுவார்கள், நம் மொட்டை மாடி உனக்குத் தெரிந்திருக்கவே முடியாது என்றேன். கட்டடம்தான் மறைத்தது நைனா, தெருவில் சொன்னது சரிதான் என்றேன். எந்தத் தடுமாற்றமும் இல்லாமல் சொன்னேன். எனக்கே ஆச்சரியமாக இருந்தது.

நைனா ரொம்ப நேரம் என் முகத்தையே பார்த்தார். கடலில் தூரத்துக் கொடியைப் பார்த்தே பிழைத்த கண். பிறகு என் கையைப் பிடித்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டார்.

"நல்லா சொல்ற கண்ணு," என்றார். "இன்னொரு தபா சொல்லு."

இன்னொரு தடவை சொன்னேன்.